ஒரு நாவல், இரண்டு கைகள்: ஆல்ஃப்ரெட் கூபினின் வாழ்க்கை

ஆல்ஃப்ரெட் கூபினின் கோட்டோவியத் தாள்கள் சிலவற்றைப் பின்பக்கம் திருப்பினால் அங்கே அச்சிட்ட நிலவரைபடம் ஒன்று இருக்கும். வரப்புகள், வண்டிப்பாதை, புல எண்கள். ஆஸ்திரியப் பேரரசின் நில அளவைத் துறைக்கென்று செய்யப்பட்ட தாள் அது. புலப்படம் வரைய வேண்டிய தாள் என்பதால் மரக்கூழில் செய்யாமல் கந்தல் துணியின் நாரில் கனமாகச் செய்திருப்பார்கள். மரக்கூழ்த் தாளைப் போல அது சில பத்தாண்டுகளில் பழுத்து மடிப்பில் ஒடிவதில்லை. கூபினின் அப்பா அரசு நில அளவையாளர். எல்லைக்கல் நட்டு, சங்கிலி பிடித்து, எண் போட்டு முடித்த உலகம் அவருடையது. மகனோ அந்தத் துறையின் தாளில் ஊரை விழுங்கும் பூதங்களையும், இடிந்த வீட்டு வாசலில் நிற்கும் கிழவிகளையும், எலும்பும் தோலுமான குதிரைகளையும் வரைந்து நிரப்பினார்.

கூபின் (1877–1959) எழுதிய நாவல் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ‘மறுபக்கம்’. ஜெர்மன் மொழியில் ‘டீ ஆண்டெரெ ஸைட்டெ’. 1909ல் வெளிவந்தது. வரைந்தவையோ ஆயிரக்கணக்கில். அதனால் ‘நாவலும் எழுதிய ஓவியர்’ என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுவார்கள். அந்த வரி அவருக்கு அநியாயம் செய்கிறது. நாவலுக்கு முன்பு வரைந்த தாள் ஒன்றையும் பின்பு வரைந்த தாள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே ஆளின் கை என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். முதல் கை நின்றுபோனது. நாவல் எழுதினார். அதன்பின் வேறொரு கை பிறந்தது. அவர் வாழ்க்கையைச் சொல்வதென்றால் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும்.

1877 ஏப்ரல் 10 அன்று பொஹீமியாவின் லைட்மெரிட்ஸ் ஊரில் பிறந்தார். இன்றைய செக் குடியரசின் லிட்டோமெரிஸ். வளர்ந்தது ஆஸ்திரியாவின் மலையூரான ஸெல் அம் ஸேயில், ஏரிக்கரையில். அம்மா பியானோ வாசிப்பவர். 1887ல், மகனுக்குப் பத்து வயது இருக்கும்போது, காசநோயில் இறந்தார். மெலிந்துபோன அந்த உடலைப் படுக்கையிலிருந்து வாரியெடுத்துக்கொண்டு அப்பா கதறியபடி வீடெங்கும் ஓடிய காட்சியைக் கூபின் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்பா பிறகு அம்மாவின் தங்கையையே மணந்தார். அந்தச் சித்தியும் சீக்கிரமே பிரசவத்தில் போய்ச் சேர்ந்தார். பள்ளியில் தேறாத பையன்மீது அப்பாவின் கண்டிப்பு முழுவதும் இறங்கியது. உயரமான, எதிர்க்க முடியாத, பாசமும் பயமும் பிரித்தறிய முடியாமல் கலந்த ஓர் ஆண் உருவம் கூபினின் படங்களில் திரும்பத் திரும்ப வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1892ல் கிளாகன்ஃபுர்ட் நகரில் உறவினரான அலோய்ஸ் பேர் என்ற புகைப்படக்காரரிடம் வேலை பழகச் சேர்த்தார்கள். நான்கு ஆண்டுகள். கூபினைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு தோல்வியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இருட்டறையில் கழிந்த காலம் ஓவியனுக்கு வீணாகாது. கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் கருப்பாகவும் இருள் வெளிச்சமாகவும் தலைகீழாகி நிற்பதை நாள்தோறும் பார்த்தவர், சாம்பல் நிறத்தில் எத்தனை படி உண்டு என்பதைக் கண்ணால் கற்றுக்கொள்கிறார். பின்னால் அவர் வரைந்த முதல் படங்களில் இந்தக் கல்வி அப்படியே தெரியும்.

1896ல் பழைய கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மாவின் கல்லறைக்குப் போனார். துருப்பிடித்த துப்பாக்கி வெடிக்கவில்லை. மறுமுறை முயலத் தெம்பும் இல்லை. அடுத்த ஆண்டு ராணுவத்தில் சேர்ந்து, நரம்புத் தளர்ச்சியோடு மருத்துவமனைக்குப் போய் வெளியேறினார். 1898ல் ஓவியம் கற்க மியூனிக் வந்து சேர்ந்தார்.

மியூனிக்கில் அவர் சேர்ந்த பள்ளிகள் அவருக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. தந்தது மாக்ஸ் கிளிங்கர். ஒரு கையுறை தொலைந்து கிடைப்பதைச் சுற்றிக் கனவுபோல விரியும் கிளிங்கரின் செதுக்கோவிய வரிசையை அங்கே பார்த்தார். பார்த்த அன்று மாலை ஒரு கேளிக்கை அரங்குக்குப் போனதையும், இசைக்குழு வாசிக்கத் தொடங்கியதும் சுற்றியிருந்த முகங்களெல்லாம் உருமாறி, மனிதரும் விலங்கும் கலந்த கருப்பு வெள்ளைப் படங்கள் அலையலையாக மனதில் கொட்டியதையும், வழியில் ஒரு தேநீர்க்கடையில் பரிமாறும் பெண்கள் மெழுகு பொம்மைகளாகத் தெரிந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். இதைப் பலர் அருள் வந்த கதையாகச் சொல்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது வேறு: கொட்டியவை ‘கருப்பு வெள்ளைப்’ படங்கள். கிளிங்கரின் தாள்களில் பார்த்த அக்வாடின்ட் என்னும் தூள்பதித்த சாம்பல் நிறம்தான் அவர் தரிசனத்தின் நிறமாகவும் இருந்தது. ஊடகம் முதலில் வந்தது, காட்சி பின்னால் வந்தது.

அக்வாடின்ட் செய்யச் செப்புத் தகடு, அமிலம், பிசின் தூள், அச்சு இயந்திரம் எல்லாம் வேண்டும். கூபின் அவற்றைத் தாளிலேயே ஏமாற்றிக் கொண்டுவந்தார். கருமைக் கோடும் நீர்த்த மைப் பூச்சும் போட்டு, அவற்றின்மேல் மையைத் தெளித்தார். தெளிப்பு முறை கேட்க எளிது. சின்னக் கம்பி வலை ஒன்றைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, மை தொட்ட விறைப்பான தூரிகையை அதில் தேய்த்தால் பொடித்துளிகள் விழும். துளி படக் கூடாத இடத்தை வெட்டிய காகிதத்தால் மூட வேண்டும். ஒரு அடுக்கு காய்ந்த பின் மூடியை நகர்த்தி அடுத்த அடுக்கு. உலர்ந்தபின் கரையாத மையாக இருந்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் இரண்டாம் தெளிப்பு முதல் தெளிப்பைக் குழப்பிவிடும்.

கெட்டுப்போகும் வழிகள்தான் ஏராளம். தூரிகையில் ஈரம் ஒரு சொட்டு கூடினால் வலையின் கண்ணில் மை தேங்கிப் பெருந்துளியாக விழும். அந்த இடத்தை இனி எதுவும் சரிசெய்ய முடியாது. வலையைத் தாளுக்கு அருகே கொண்டுபோனால் துளி குவியும், தூக்கினால் பரவி மங்கும். மூடிய காகிதத்தின் ஓரம் சற்றுத் தூக்கினாலும் கீழே மை புகுந்து விளிம்பு சிதையும். நீர்த்த பூச்சு அதிகமானால் தாள் அலையலையாக எழும்பி, பள்ளத்தில் கருமை திரளும். ஒரு படத்தில் எட்டுப் பத்து அடுக்கு என்றால் கடைசி அடுக்குவரை பதற்றம்தான். இத்தனை கட்டுப்பாடும் தேவைப்பட்ட ஒரு முறையில்தான் கட்டுப்பாடே இல்லாத பயங்கரங்களை வரைந்தார் என்பதை மறக்கக் கூடாது. ‘வெறிபிடித்த கை’ என்று இந்தப் படங்களைச் சொல்பவர்கள் தாளை அருகே வைத்துப் பார்க்காதவர்கள்.

குதிரைமேல் அமர்ந்த சீமாட்டியின் படத்தை எடுத்துக்கொள்வோம். 1900–01 வாக்கில் வரைந்தது. ஒருபக்கமாகக் கால் போட்டு நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். ஏறியிருப்பது குழந்தைகள் ஆடும் மரக்குதிரை. கீழே வளைந்த இரண்டு ஆடுசட்டங்களும் கத்தி அலகுகள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தரையில் கிடக்கும் சின்னஞ்சிறு மனிதர்கள் துண்டாகிறார்கள். படத்தில் ரத்தத்தைவிடப் பயமுறுத்துவது அந்த வெறுமை. பின்னணியில் ஒரு மரம், ஒரு சுவர், ஒரு மேகம் கிடையாது. தெளித்த மையின் மாவுபோன்ற சாம்பல் மட்டும். எங்கே நடக்கிறது என்று சொல்ல எதுவும் இல்லாததால் எங்கும் நடப்பதாகிவிடுகிறது. ‘போர்’ என்ற படத்திலும் இதே உத்தி: வரிசையாக நீட்டிய ஈட்டிகளோடு ஒரு படை ஓரத்தில் பூச்சிபோல, அதன்மேல் மிதிக்கத் தூக்கிய ஒரு பூதத்தின் பாதம். நடுவில் வெற்றுச் சாம்பல்.

1902ல் பெர்லினில் பவுல் காசிரரின் கூடத்தில் முதல் கண்காட்சி நடந்தது. 1903ல் ஹான்ஸ் ஃபொன் வேபர் 15 படங்களின் நகல் அச்சை ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பெயர் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் நிச்சயித்த பெண் எம்மி பேயர் திடீரென இறந்தார். 1904ல் எழுத்தாளர் ஆஸ்கர் ஷ்மிட்ஸின் சகோதரியும் கைம்பெண்ணுமான ஹெட்விக் கிரியூண்ட்லரை மணந்தார். 1906ல் இருவரும் மேல் ஆஸ்திரியாவில், இன் ஆற்றங்கரை ஊரான வெர்ன்ஷ்டைனுக்கு அருகே ஸ்விக்லெட் என்ற இடத்தில் ஒரு பழைய பண்ணை மாளிகையை வாங்கிக் குடியேறினார்கள். வாங்கிய பணம் பெரும்பாலும் ஹெட்விக்கினுடையது. அவர் நீண்டகாலம் நோயோடும் மார்ஃபின் பழக்கத்தோடும் போராடியவர். கூபினின் கதையில் அவரை ஒரு துணைப் பெயராகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். அடுத்த 53 ஆண்டுகள் கூபின் வேலை செய்த கூரை அவர் தந்தது.

ஆனால் படம் வற்றத் தொடங்கியிருந்தது. அகத்திலிருந்து தானாகக் கொட்டிய காட்சிகள் 1904 வாக்கில் நின்றுவிட்டன. வியன்னாவில் புரூகெலின் ஓவியங்களைப் பார்த்து வண்ணத்துக்கு மாறிப் பார்த்தார். அங்கே ஓவியர் கொலோமன் மோஸர் மாவுப்பசையில் நிறம் கலக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்; புத்தகக் கட்டுநர்கள் அட்டைத் தாளுக்கு நிறமேற்றும் அதே பசை. பசை காயும்வரை நிறத்தை நகர்த்தலாம், வழிக்கலாம், விரலால் கோடிழுக்கலாம். கூபின் அதில் கடலடி உயிர்கள் போலவும், நுண்ணோக்கியில் தெரியும் செல்கள் போலவும் சில படங்கள் செய்தார். அழகானவைதான். ஆனால் அவற்றில் அவர் வீட்டுக்காரராக இல்லை, விருந்தாளியாக இருக்கிறார்.

1907 நவம்பரில் அப்பா இறந்தார். கடைசிக் காலத்தில் இருவருக்கும் உறவு சீராகியிருந்தது. இழப்பு அதனாலேயே ஆழமாக இறங்கியது. 1908 இலையுதிர் காலத்தில் நண்பர் ஃபிரிட்ஸ் ஃபொன் ஹெர்ஸ்மனோவ்ஸ்கி-ஓர்லாண்டோவுடன் வட இத்தாலிக்குப் போய்த் திரும்பினார். ஊர் வந்ததும் வரைய உட்கார்ந்தார். ஒரு கோடுகூடச் சேர்ந்து வரவில்லை. உள்ளே வேலை செய்யும் துடிப்பு இருக்கிறது, கை மட்டும் மறுக்கிறது. எதையாவது செய்து அந்த அழுத்தத்தை இறக்க வேண்டுமென்று கதை ஒன்றை எழுதத் தொடங்கினார். இரவும் பகலும் 12 வாரங்கள். நாவல் முடிந்தது. அடுத்த 4 வாரங்களில் அதற்குப் படங்கள் வரைந்தார். கியோர்க் மியுல்லர் பதிப்பகம் மியூனிக்கில் 52 படங்களோடும் ஒரு நகர வரைபடத்தோடும் வெளியிட்டது.

52 படங்களில் 11 படங்கள் வேறொரு புத்தகத்துக்காகப் பிறந்தவை. குஸ்டாவ் மைரிங்க் ‘கோலெம்’ நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அத்தியாயங்கள் வரவர கூபின் படம் போட்டார். மைரிங்க் நடுவில் நின்றுவிட்டார். காத்திருந்த படங்களைக் கூபின் தன் நாவலுக்குள் பொருத்திக்கொண்டார். ‘கோலெம்’ புத்தகமாக வந்தது 1915ல், இன்னொருவர் படங்களோடு. ஆக, ‘மறுபக்கம்’ நாவலின் சில தெருக்கள் எழுதப்படுவதற்கு முன்பே வரையப்பட்டவை. படத்தைப் பார்த்து எழுதியதா, எழுத்துக்குப் படமா என்று பக்கத்துக்குப் பக்கம் பிரிப்பது இந்த நாவலில் வீண் வேலை.

கதைசொல்லி மியூனிக்கில் வாழும் ஓர் ஓவியன். பெயர் சொல்லப்படுவதில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்த ஆள் ஒருவர், உங்கள் பள்ளித் தோழர் கிளாவுஸ் பாடெரா பெருஞ்செல்வராகி, நடு ஆசியாவில் ஒரு ‘கனவு நாடு’ அமைத்திருக்கிறார், நீங்களும் வந்து குடியேற வேண்டும் என்கிறார். நம்பிக்கைக்கு ஒரு லட்சம் மார்க் காசோலை. ஓவியன் மனைவியோடு சாமர்க்கண்ட் வழியே புறப்படுகிறான். நாட்டைச் சுற்றி மதில், உள்ளே நுழைய ஒரே வாயில். தலைநகரின் பெயர் பெர்லெ, ‘முத்து’. அங்கே சூரியன் தெரிவதில்லை, நிலா தெரிவதில்லை; வானம் எப்போதும் மூடியிருக்கிறது. புதிய பொருள் எதற்கும் அனுமதி இல்லை. ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய வீடுகள்தான் தெருவெல்லாம். உடையும் முந்தைய தலைமுறையின் உடை. பணம் கொடுத்து வாங்குவதுபோல் நடிக்கிறார்கள்; யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஊர் நடுவே மணிக்கூண்டு. குறித்த நேரத்தில் எல்லோரும் அதன் அறைக்குள் போய் ஒரு சுவரைப் பார்த்து ‘இதோ உன் முன் நிற்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. போகாமலும் இருக்க முடியாது.

நாவல் மூன்று பாகங்கள்: அழைப்பு, பெர்லெ, கனவு நாட்டின் அழிவு. பிறகு ஒரு சிறு பின்னுரை. அமெரிக்காவிலிருந்து ஹெர்குலிஸ் பெல் என்ற செல்வர் வந்து பாடெராவை எதிர்க்கத் தொடங்கியதும் சரிவு ஆரம்பிக்கிறது. முதலில் ஊரே தூங்கிப்போகிறது. விழிக்கும்போது விலங்குகள் வீட்டுக்குள் புகுந்திருக்கின்றன. பிறகு பொருட்கள் உதிர்கின்றன: துணி நைகிறது, மரம் உளுத்து மாவாகிறது, உலோகம் துரு ஏறிப் பொடிகிறது, சுவர் சுண்ணாம்பாகச் சரிகிறது. கூபின் இந்த உதிர்தலைப் பேரழிவாக ஒரே வீச்சில் சொல்லாமல், பொருள் பொருளாக எடுத்துச் சொல்கிறார். வீட்டுச் சாமான்களின் பட்டியல்போலப் படிக்கக் கிடைப்பதுதான் பயத்தை ஏற்றுகிறது.

சரிவுக்கு முன்பே ஒரு காட்சி வந்துவிடுகிறது. நிலத்தடிப் பாதை ஒன்றில் ஓவியன் தனியாக நடக்கிறான். தூரத்தில் தடதடவென்று சத்தம். நெருங்குகிறது. எலும்பு துருத்திய குருட்டு வெள்ளைக் குதிரை ஒன்று இருட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து அவனைக் கடந்து ஓடி மறைகிறது. விளக்கம் எதுவும் இல்லை. முன்பு வரைந்த சீமாட்டியின் மரக்குதிரையோடு இதை வைத்துப் பாருங்கள். அது வெற்றுச் சாம்பலில் நின்ற சின்னம். இதற்கு ஒரு பாதை இருக்கிறது, ஈரச் சுவர் இருக்கிறது, குளம்பொலி இருக்கிறது. பயங்கரத்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது.

பாடெரா என்ற பெயருக்குள் ‘தந்தை’ என்ற லத்தீன் சொல் மறைந்திருப்பதை எல்லோரும் சுட்டிக்காட்டுவார்கள். அப்பா இறந்து ஓராண்டில் எழுதிய நாவல் என்பதால் அது நியாயமான வாசிப்பு. ஆனால் புத்தகத்தோடு வந்த அந்த நகர வரைபடத்தை அதே அளவுக்கு யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆறு எங்கே, பால்பண்ணை எங்கே, காபிக்கடை எங்கே, அரண்மனை எங்கே என்று குறித்த வரைபடம். இல்லாத ஊருக்கு அளவைப்படம் போட்டுக் கொடுத்தவர் நில அளவையாளரின் மகன். அப்பாவின் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அப்பாவின் நிழலைக் கூபின் எழுதித் தீர்த்திருக்கிறார் என்பது என் துணிபு.

நாவலின் கடைசி வரி: ‘உலகைப் படைத்தவன் இருபால் கொண்டவன்.’ பாடெராவும் பெல்லும் மோதி ஒருவருக்குள் ஒருவர் கலந்துபோவதைப் பார்த்துவிட்டு வந்தவன் எழுதும் வரி அது. இழுப்பதும் தள்ளுவதும், ஆக்குவதும் அழிப்பதும் ஒன்றின் இரு முகம் என்ற முடிவு. அந்த வரியை மட்டும் எடுத்துத் தத்துவமாக்குவது எளிது. எழுதும்போது தனக்குக் கிடைத்த தெளிவாகக் கூபின் பின்னால் சொன்னது அதைவிட அடக்கமானது, அதைவிடப் பயனுள்ளது: விசித்திரமான, உன்னதமான கணங்களில் மட்டும் அல்ல, சங்கடமான, அக்கறைப்படத் தேவையில்லாத, அன்றாடச் சில்லறை விஷயங்களிலும் அதே மர்மம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த கைக்கு வெற்றுப் பின்னணி இனி தேவைப்படவில்லை. கதவுத் தாழ்ப்பாள், வேலி, கூரை ஓடு, கோழி, சாக்கடை எல்லாம் படத்துக்குள் வரத் தொடங்கின. அவற்றை வரையத் தெளிப்பு உதவாது. பேனா வேண்டும்.

இங்கே அச்சகத்தின் பங்கும் இருக்கிறது. கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்பார்கள். சாம்பல் நிறப் படிகள் உள்ள படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து ஹாஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும், அல்லது ஜெலட்டின் பூசிய கண்ணாடியிலிருந்து தனியாக அச்சிட வேண்டும். முதலாவதற்கு வழவழப்பான தாள் தேவை, இரண்டாவதற்குச் செலவு அதிகம். வெறும் கோடாக வரைந்தால் லைன் பிளாக் போதும். ஒளியுணர் பூச்சு பூசிய துத்தநாகத் தகட்டில் படத்தைப் பதித்து, கோடு இல்லாத இடத்தை அமிலத்தால் அரித்தெடுத்தால் தகடு தயார். எழுத்துக் கட்டைகளோடு சேர்த்துப் பூட்டி, அதே தாளில், அதே மையில், அதே ஓட்டத்தில் அச்சிடலாம். பழைய தமிழ் வார இதழ்களின் தொடர்கதைப் படங்கள் வந்தது இந்த வழியில்தான்.

லைன் பிளாக்குக்குச் சாம்பல் தெரியாது. கருப்பு, இல்லையென்றால் வெள்ளை. நீர்த்த மையில் போட்ட மெல்லிய கோடு பாதி வழியில் அறுந்துவிடும். பக்கத்துக்கு ஏற்பப் படத்தைச் சிறிதாக்கும்போது நெருக்கமாகப் போட்ட குறுக்குக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மைக்குட்டையாகிவிடும். அமிலம் அளவு மீறினால் கோட்டின் விலாவையும் அரித்து, நுனிகள் உடையும். ஆகவே வரைகிறவர் கோடுகளுக்கு நடுவே காற்றோட்டம் விட வேண்டும், நிழலைக் கோட்டின் நெருக்கத்தாலேயே கட்ட வேண்டும். கூபினின் முதிர்ந்த பாணியைப் பார்த்தால் இந்தச் சட்டங்கள் அதில் எலும்பாக இருப்பது புரியும். பின்னிப் பின்னி, விட்டு விட்டு ஓடும் கோடு. எந்த உருவத்துக்கும் ஒரே தொடர்ச்சியான வெளிவரை கிடையாது. நடுநடுவே தாளின் வெள்ளை மூச்சுவிடும். அந்தி நேரத்தில் கண் கூசிப் பார்ப்பது போன்ற ஒரு நடுக்கம் அதிலிருந்து வருகிறது. நில அளவைத் தாளின் சற்றே முரடான முகமும் துணைசெய்தது. உருக்கு முனை கந்தல் நாரில் சிக்கும், சிக்கிய நார் மையை இழுத்துக்கொண்டு கோட்டைத் தடிமனாக்கும். வாத்திறகுப் பேனா சிக்காமல் வழுக்கும், ஆனால் நுனி சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி சீவ வேண்டும். நாணல் பேனா கட்டையான கோடு தரும். ஒரே தாளில் கோட்டின் தடிமன் மாறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, முனையும் நாரும் நடத்திய இழுபறி கண்ணுக்குத் தெரிகிறது.

1909க்குப் பின் வேலை குவிந்தது. எட்கர் ஆலன் போ, ஹோஃப்மான், நெர்வால் என இருட்டை எழுதியவர்களுக்கெல்லாம் படம் போட்டார். 1913ல் தஸ்தயெவ்ஸ்கியின் ‘இரட்டையன்’ நூலுக்கு 60 படங்கள். மொத்தத்தில் அவர் படமிட்ட நூல்கள் நூற்றுக்கும் மேல். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. பிழைப்புக்காக வேகமாகப் போட்டவற்றில் கோடு பழக்கத்தில் ஓடுகிறது, பார்த்து ஓடவில்லை. ‘இரட்டையன்’ படங்களில் அந்தத் தளர்ச்சி துளியும் இல்லை. அலுவலகத்தில் அவமானப்பட்டு ஒடுங்கிய சிறிய மனிதனைக் கூபின் அளவுக்குத் தோள் சாய்வில் பிடித்தவர் வேறு யாரும் இல்லை.

ஸ்விக்லெட்டில் ஒதுங்கி வாழ்ந்தாலும் காலத்தின் நடுவில் இருந்தார். மியூனிக்கின் புதிய கலைஞர் சங்கத்தில் 1909ல் உறுப்பினர். 1911 இறுதியில் காண்டின்ஸ்கி, ஃபிரான்ஸ் மார்க் ஆகியோர் வெளியேறியபோது அவர்களோடு வெளியேறினார். அவர்கள் தொடங்கிய ‘நீலக் குதிரைவீரன்’ குழு 1912ல் நடத்திய இரண்டாம் கண்காட்சியில் அவர் படங்கள் இருந்தன. ஓவியர் பவுல் கிளே பெயர் பெறாத காலத்திலேயே அவரிடம் கோட்டோவியம் வாங்கியவர்களில் கூபினும் ஒருவர். மார்க் 1913ல் பைபிளுக்குப் படமிடும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கி ஆளுக்கொரு நூலைப் பிரித்துக் கொடுத்தார். போர் வந்து எல்லாம் கலைந்தது. கூபின் எடுத்துக்கொண்ட தானியேல் மட்டும் 1918ல் அச்சேறியது.

1911 செப்டம்பரில் பிராகில் காஃப்காவைச் சந்தித்தார். காஃப்காவின் நாட்குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது: கூபின் அவருக்கு மலச்சிக்கலுக்கு ரெகுலின் என்ற கடற்பாசிப் பொடியைப் பரிந்துரைத்தாராம். காஃப்காவின் ‘கோட்டை’ எழுதப்பட்டது 1922ல். அணுக முடியாத அதிகாரம், ஓயாத அலுவலக அலைச்சல், எல்லோரும் அறிந்து யாரும் விளக்காத விதிகள் எல்லாம் ‘மறுபக்கம்’ நாவலில் 13 ஆண்டுகள் முன்பே இருக்கின்றன. இதைக் கொண்டு காஃப்கா கூபினிடமிருந்து எடுத்தார் என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. இருவரும் ஒரே பேரரசின் அலுவலகங்களுக்கு வெளியே காத்திருந்து பழகிய தலைமுறை.

1911ல் வந்த அவருடைய படத்தொகுப்பின் பெயர் ‘சன்ஸாரா: முடிவில்லாச் சுழல்’. தமிழில் சம்சாரம் என்றால் குடும்பம், மனைவி என்று வீட்டுக்குள் வந்துவிட்ட சொல். கூபின் எடுத்துக்கொண்டது பிறவிச் சுழல் என்ற மூலப்பொருளை. ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் வழியாகவே பௌத்தம் அவருக்கு அறிமுகம். 1916 மார்ச்சில் வெர்டன் போர்க்களத்தில் ஃபிரான்ஸ் மார்க் இறந்த செய்தி வந்த பிறகு அது ஏட்டோடு நிற்கவில்லை. கியோர்க் கிரிம் எழுதிய பௌத்த நூலைப் படித்துவிட்டு, வரைவதை விட்டு, வீட்டாரை விலக்கி, தியானமும் துறவு ஒழுக்கமுமாக இருந்தார். பத்து நாள் தாங்கியது. பிறகு மேசைக்குத் திரும்பிவிட்டார். இதைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. பற்றை விட வேண்டும் என்று படித்தவர், தன் பற்று எது என்பதைப் பத்தே நாளில் திட்டமாகத் தெரிந்துகொண்டார்.

1937ல் நாஜி அரசு ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து ‘சீரழிந்த கலை’ என்று பறிமுதல் செய்தவற்றில் கூபினின் படங்களும் இருந்தன. அதே சமயம் அவர் நூல்கள் வெளிவருவது நிற்கவில்லை. ‘ஒரு பேனாவின் சாகசங்கள்’ 1941ல் வந்தது. அவர் நாடு விட்டுப் போகவில்லை, வெளிப்படையாக எதிர்க்கவும் இல்லை. அவர் படங்களைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடும்போது இந்த மௌனத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1948ல் ஹெட்விக் இறந்தார். கூபினுக்கு 1951ல் ஆஸ்திரிய அரசின் பெரும் பரிசு கிடைத்தது. 1955ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்: தன் உடைமையாக இருக்கும் படங்கள் முழுவதையும் அரசுக்கு எழுதிவைக்கிறேன், உயிருள்ளவரை எனக்கு உதவித்தொகை தர வேண்டும். 1959 ஆகஸ்ட் 20 அன்று ஸ்விக்லெட்டிலேயே இறந்தார். தாள்கள் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்துக்கும் லின்ஸ் நகரின் மாநில அருங்காட்சியகத்துக்கும் பிரிந்தன. மியூனிக்கின் லென்பாஹ் இல்ல அருங்காட்சியகத்தில் இருப்பது ஹாம்பர்க்கின் குர்ட் ஓட்டே ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கூபின் ஆவணக்காப்பகம். கூபினைப் பார்க்க விரும்புகிறவர் இந்த மூன்று ஊர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்விக்லெட் வீடு நினைவில்லமாக இருக்கிறது.

தாள்களைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கும். கூபின் பெரும்பாலும் தேதி எழுதுவதில்லை. ஆண்டைக் கையைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். வெற்றுப் பின்னணியில் தெளித்த மாவுச் சாம்பல் என்றால் 1904க்கு முன். பசை வண்ணம் என்றால் 1905 தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள். பின்னல் கோடு என்றால் நாவலுக்குப் பின். நிலத் தாளை வைத்து மட்டும் முடிவு செய்தால் ஏமாறுவோம். அதைப் பல காலம் பயன்படுத்தினார். படத்தின் விஷயத்தை வைத்து முடிவு செய்தாலும் ஏமாறுவோம். வெள்ளம், தீ, வாசலில் மரணம், தனிக்குதிரை என்று தனக்குப் பிடித்தவற்றைப் பத்தாண்டு இடைவெளியில் திரும்ப எடுத்து வரைந்திருக்கிறார்.

இன்னொன்று, போனதும் எல்லாமே சுவரில் தொங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கந்தல் தாள் உறுதியானதுதான், ஆனால் வெளிச்சத்தில் நிறம் மாறும். நீர்வண்ணம் தொட்ட இடங்கள் அதற்கு முன்பே வெளிறும். அதனால் தாளில் வரைந்தவற்றை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவுக்குள் மங்கலான விளக்கில், சில மாதங்களுக்கு மட்டும் வெளியே வைத்துவிட்டு, மீண்டும் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் படுக்கவைத்துவிடும். பெர்லெயின் வானத்தைப் போல மூடிய வெளிச்சம். கண் அதற்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும். பழகிய பிறகு பார்த்தால், தொலைவில் ஒரே கருமையாகத் தெரிந்த மூலையில் கோழி ஒன்று நிற்பது தெரியும். அதன் பின்னால் பாதி திறந்த கதவு.